சீலிங்குக்கு மேலே நீ வைத்துவிட்டுப் போனது

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே போய்விட்ட செல்வம் அண்ணனுக்கு,

உன் முதல் வருஷ நினைவு நாளுக்குப் பேப்பரில் போட நாலு வரி எழுதித் தரச் சொல்லி மதினி போன மாதம் கேட்டாள். "நீ எழுதுனாத்தான் கனி நல்லா வரும், நீதான அவுக கூடவே கெடந்த" என்றாள். எழுத உட்கார்ந்தேன். நாலு வரி வரவில்லை, இதுதான் வந்தது. இதை எந்தப் பேப்பரும் போடாது. நம்மைத் தெரிந்தவர்கள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லப் போகிறேன். உனக்கும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் கோபமாக இருக்கிறேன் அண்ணே. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது உன்மேல் கோபப்பட எனக்குத் தைரியம் இல்லை. இப்போது இருக்கிறது. பிறகு எப்போது படுவது?

தனபால் அண்ணாச்சியின் கிளியரிங் ஆபீஸ் உனக்கு மறந்திருக்காது. துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், மாடியில், ஏற்றுமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் போட்டுக் கொடுக்கிற ஆபீஸ். நாம் கம்ப்யூட்டர் கடை தொடங்கிய பிறகு முதன்முதலாக முழுதாக நெட்வொர்க் போட்டுக் கொடுத்த இடம் அதுதான். சுவரில் துளை போட்டு, கேபிள் இழுத்து, ஒவ்வொரு முனையையும் நான் உட்கார்ந்து பிளக் வைத்து அழுத்திக் கிரிம்ப் செய்தேன். எட்டுக் கம்பியையும் நிறம் பார்த்து வரிசைப்படுத்தியதில் என் விரல் நுனி வீங்கிப்போயிருந்தது. அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "தங்கச்சியும் வேல பாக்குமோ?" என்று கேட்டார். "சும்மா கூட வருது அண்ணாச்சி, வீட்ல போரடிக்குதுன்னு" என்று சொன்னாய். நான் டீயைக் குடித்தேன்.

பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்தது நான். நீ அப்போது செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தாய். நெட்வொர்க் என்றால் என்னவென்று உனக்கு முதலில் சொன்னதே நான்தான். இதை இதுவரை நான் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லவிடாமல் நீ வைத்திருந்தாய், நானும் இருந்துகொண்டேன்.

போன மாதம் அந்த ஆபீஸிலிருந்து காதர் அண்ணன் கூப்பிட்டார். காயல்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாரே, ஆபீஸ் மேனேஜர், அவர்தான். "தங்கச்சி, புதுசா ரெண்டு கம்ப்யூட்டர் வாங்கிருக்கோம். பழைய ஆறும் நல்லா ஓடுது. இந்த ரெண்டுல மட்டும் நெட்டு வருது, போவுது. வித்த கடக்காரன் வந்து பாத்துட்டு, கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லங்கான்" என்றார்.

நான் போனேன். இப்போதெல்லாம் தனியாகத்தான் போகிறேன்.

முதலில் கேபிள்தான் என்று நினைத்தேன். டெஸ்டரை மாட்டிப் பார்த்தேன். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. முனையை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். அப்படியும் ஒரு கம்ப்யூட்டரில் நெட் வந்தது, இன்னொன்றில் இல்லை. இரண்டையும் அணைத்துப் போட்டால், முதலில் வந்ததில் போய், வராததில் வந்தது. காதர் அண்ணன் என் பின்னால் நின்று, "பேய் புடிச்ச மாரில்லா இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகுதான் எண்களைப் பார்த்தேன். உனக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஆபீஸில் இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் வேண்டும். ஆன் செய்ததும் அது 'எனக்கு என்ன எண்?' என்று கேட்கும். ரூட்டர் ஓர் எண்ணைக் கொடுத்து, 'வெளியே போக வேண்டுமானால் என் வழியாகப் போ' என்றும் சொல்லும். அப்படிப் பதில் சொல்ல ஓர் ஆபீஸில் ஒரு ரூட்டர்தான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால், எது முந்திச் சொல்கிறதோ அதன் பேச்சைத்தான் கம்ப்யூட்டர் கேட்கும். இரண்டாவது ரூட்டருக்கு வெளியே போக வழியே இல்லையென்றால், அதை நம்பிய கம்ப்யூட்டர் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

புதுக் கம்ப்யூட்டரில் நெட் போகும்போதெல்லாம் அதன் எண் வேறு வரிசையில் இருந்தது. அண்ணாச்சி மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிற ரூட்டர் அந்த வரிசையில் எண்ணே கொடுக்காது. அப்படியானால் வேறு ஏதோ ஒன்று கொடுக்கிறது.

அந்த ஏதோ ஒன்றைத் தொடர்ந்து கூப்பிடும்படி ஒரு கட்டளையைப் போட்டேன். பதில் வந்துகொண்டே இருந்தது. எல்லாக் கேபிளும் வந்து சேருகிற சுவிட்ச் பெட்டியிலிருந்து கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். ஏழாவதைப் பிடுங்கியதும் பதில் நின்றது. மறுபடி மாட்டினேன், வந்தது. பிடுங்கினேன், நின்றது. அந்தக் கேபிள் சுவரோடு ஏறி, சீலிங்குக்கு மேலே போய், உள்ளறைப் பக்கம் இறங்கியது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஒரே சந்தோஷம். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மேஜையை நகர்த்தி, அதன்மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி, சீலிங் பலகையைத் தூக்கினேன். தூசி முகத்தில் கொட்டியது. உள்ளே ஒரு பழைய ரூட்டர், பச்சை விளக்குகள் மினுங்க உட்கார்ந்திருந்தது. உள்ளறையில் இருக்கிற இரண்டு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் அதில்தான் மாட்டியிருந்தன. அங்கே ஒரு புது சுவிட்ச் போட்டிருப்பதாக அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தாய். என்னிடமும் அதையேதான் சொன்னாய்.

அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். 'வேண்டாம்' என்று எழுதியிருந்தது, என் கையெழுத்தில். எந்தக் கடையிலிருந்தோ கழற்றி வந்ததை நான் பழைய சாமானோடு ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டுபோய் இங்கே வைத்திருக்கிறாய். வைத்தவன், அது எண் கொடுக்கிற வேலையையாவது நிறுத்தியிருக்க வேண்டாமா? பழைய ரூட்டரைச் சுவிட்ச் மாதிரிப் போட்டால் அதை முதலில் நிறுத்து என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? செட்டிங்கில் ஒரே ஒரு டிக்கை எடுக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை.

கீழே இறங்கி, பழைய ஆறு கம்ப்யூட்டரும் எப்படி இத்தனை நாளும் ஓடின என்று பார்த்தேன். ஆறிலும் எண்ணைக் கையால் தட்டி வைத்திருந்தது. அதனால் அவை எந்த ரூட்டரிடமும் எதுவும் கேட்பதில்லை. இந்த இரண்டும் புதிது, அதனால் கேட்டன.

"இத யாரு தட்டி வச்சா?" என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. தட்டியது நான்.

காதர் அண்ணன் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அப்ப இதுனாலதான் அடிக்கடி நெட்டு போச்சா? மூணு வருசத்துக்கு முன்னாடியும் இதுதானா?"

"ஆமாண்ணே."

பெட்டியை என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு கேட்டார். "அப்ப ரெஜினா?"

அண்ணே, ரெஜினா அக்காவை உனக்கு நினைவிருக்கிறதா? உள்ளறையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருப்பார். கஞ்சி போட்ட சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. பதினாறு வருஷம் அந்த ஆபீஸில் ஷிப்பிங் பில் என்கிற கஸ்டம்ஸ் காகிதம் போட்டவர். நாம் போனால், "தம்பி, தங்கச்சி, சாப்ட்டீங்களா?" என்று முதலில் கேட்பவர் அவர்தான்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த வியாழக்கிழமையை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நெட் போய் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் நீ போய், எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டு, "சரியாயிட்டு" என்று சொல்லிவிட்டு வந்தாய். வியாழக்கிழமை குளிரூட்டிய கன்டெய்னர் பெட்டியில் இறால் ஏற்றுமதி. சாயங்காலத்துக்குள் காகிதம் ஆன்லைனில் ஏறினால்தான் பெட்டி துறைமுகத்துக்குள்ளே போகும். மத்தியானம் ரெஜினா அக்காவின் கம்ப்யூட்டரில் நெட் போனது. வெளி அறைக்கு வந்து இன்னொன்றில் உட்கார்ந்தார், அதிலும் போனது. நாம் போய்ச் சேர்ந்து, அணைத்துப் போட்டு, நெட் வருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. பெட்டி இல்லாமல் கப்பல் போய்விட்டது.

அண்ணாச்சி கத்தினார். உன்னைப் பார்த்துத்தான் கத்தினார். "என்னல நெட்டு போட்டிருக்க? யாரு பதில் சொல்லுதது?" உன் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. உள்ளறைக்குப் போனாய். ரெஜினா அக்காவின் மேஜையில் ஒரு பென்டிரைவ் கிடந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தாய்.

"இதுலேர்ந்துதான் அண்ணாச்சி வைரஸ் ஏறிருக்கு. வெளிப் பென்டிரைவ் போட்டா நெட்வொர்க் எப்படி நிக்கும்?"

"தம்பி, அது எம் மவ சர்டிபிகேட்டு. பிரிண்டு எடுக்க ஒரே ஒரு தடவ போட்டேன். நல்லா பாத்துச் சொல்லுங்க தம்பி."

"பாத்துட்டுத்தான் சொல்லுதேன்" என்றாய். அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாய். அந்தப் பென்டிரைவை எந்தக் கம்ப்யூட்டரிலும் போட்டு நீ பார்க்கவே இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏளா கனி, நீ படிச்ச பிள்ளைல்லா. நீ சொல்லு."

நான் படித்த பிள்ளை என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நான் படித்ததை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

சனிக்கிழமை, இனி வர வேண்டாம் என்று ரெஜினா அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என்னை அந்த ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். "எல்லாத்துலயும் நம்பரக் கையால போடு கனி" என்றாய். "எதுக்குண்ணே?" என்றேன். "இனி வைரஸ் வராது" என்றாய்.

நம்பருக்கும் வைரஸுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு அப்போதே தெரியும், ஒரு சம்பந்தமும் இல்லை என்று. தெரிந்தும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு நாற்காலியாக மாறி மாறி உட்கார்ந்து தட்டினேன். ரெஜினா அக்காவின் நாற்காலியிலும் உட்கார்ந்து தட்டினேன்.

வியாழக்கிழமை நீ தெரியாமல்தான் சொன்னாய் என்று வைத்துக்கொள்கிறேன். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாய். ஆனால் ஞாயிற்றுக்கிழமை? கையால் எண் போட்டால் சரியாகிவிடும் என்று தெரிந்த உனக்கு, காரணம் எது என்றும் தெரிந்துதானே இருக்கும்? அண்ணாச்சி உன் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் இருந்ததால்தானே சீலிங்கில் ஏறாமல் வந்தாய்? அன்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், திங்கட்கிழமை அந்த அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்திருப்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன ஆகியிருக்கும்? அண்ணாச்சி உன்னைத் திட்டியிருப்பார். அவ்வளவுதானே? அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தாய். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடவா சொல்லத் தோன்றவில்லை? ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாயே, நான்தானே கூட இருந்தேன், என்னிடம்கூடவா?

நீ கோழை அண்ணே. இந்த வார்த்தையை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அடித்து அழிக்கத் தோன்றவில்லை.

அன்றே, அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் அண்ணாச்சி மேஜையில் வைத்துச் சொன்னேன். அவர் அதைத் தொடவில்லை.

"சரி, புடிச்சுட்டல்லா. தூக்கிப் போட்டுட்டுப் போ."

"ரெஜினா அக்காகிட்ட சொல்லணும் அண்ணாச்சி."

"சொல்லி? மூணு வருசம் ஆச்சு. சவத்த விடுளா. போனவன் பேர எதுக்கு நாறடிக்க? நாளைக்கு ஒனக்குத் தொழில் ஓடணும்லா? அண்ணன் வச்ச நெட்டுல இப்படின்னு வெளிய தெரிஞ்சா எந்த ஆபீஸ்காரன் ஒன்னக் கூப்புடுவான்?"

அவருக்கு உன் பெயரில் அக்கறை இல்லை. தன் பெயரைத்தான் பார்த்துக்கொண்டார். வேலையை விட்டு நிறுத்தியதோடு அவர் நிற்கவில்லை அண்ணே. இந்த ஊரில் கிளியரிங் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். தெரிந்த ஆபீஸ்களுக்கெல்லாம் போன் போட்டு, இந்தம்மாவைச் சேர்க்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அதைக் காதர் அண்ணன்தான் படியில் இறங்கும்போது என்னிடம் சொன்னார்.

மதினியிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு அழுதாள். "அவுக போயி இன்னும் ஒரு வருசம் நெறயல கனி. எம் பிள்ளைக்கு இருக்கதே அப்பா பேரு ஒண்ணுதான். அதயும் எடுத்துப் போடுதியா?"

"ரெஜினா அக்காவுக்கும் பிள்ள இருக்கு மதினி."

"அவ யாரு? நாங்க யாரு ஒனக்கு?"

அதற்கு என்ன பதில் சொல்வது அண்ணே? உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் நீ சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே. அன்றிலிருந்து மதினி என்னோடு பேசுவதில்லை. பாப்பாவைக் கடைப் பக்கம் அனுப்புவதும் இல்லை. இதையும் உன் கணக்கில்தான் எழுதுகிறேன்.

ரெஜினா அக்கா இருக்கும் இடத்தைக் காதர் அண்ணன் விசாரித்துச் சொன்னார். முள்ளக்காட்டுப் பக்கம், உப்பைப் பாக்கெட் போடுகிற ஒரு கம்பெனி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். நைட்டிக்கு மேல் ஆண்கள் போடுகிற சட்டை. விரல்களிலெல்லாம் உப்பு அரித்த வெடிப்பு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, எண்கள், ஞாயிற்றுக்கிழமை, நான் சொன்னது. நான் முடித்ததும் அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

"அப்ப பென்டிரைவ்ல ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இல்லக்கா."

"நல்லா பாத்துச் சொல்லுதியா?"

"பாத்துச் சொல்லுதேன்க்கா."

"மூணு வருசமா நானே நெனச்சிக்கிட்டிருந்தேன்ளா, அதுலதான் இருந்திருக்கும்னு. படிச்சவுக ரெண்டு பேரு சொல்லுதாகளே, நமக்கென்ன தெரியும்னு. எம் மவதான் அந்தப் பென்டிரைவத் தந்து பிரிண்டு எடுத்துட்டு வாங்கம்மான்னா. ஒரு நாளு, சமைக்க ஒண்ணும் இல்லாத அன்னைக்கு, ஒன்னாலதான்டின்னு சொல்லி அவள அடிச்சிட்டேன். நல்லா அடிச்சிட்டேன். அவ திருப்பி ஒண்ணும் சொல்லல. ஆமாம்மா என்னாலதான்னு சொன்னா." கடல் பக்கம் பார்த்தார். "மாதாவே, இத நான் எங்கன போயி எறக்கி வைக்க?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. "நீ எதுக்கு அழுத?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். "எங்கிட்ட வந்து தனியாச் சொல்லி நீ நல்ல பேரு வாங்கிட்டுப் போயிரலாம்னு பாக்காத. என்னைய எட்டுப் பேரு முன்னாடி சொன்னான் ஒங்கண்ணன். நீயும் சொன்ன. அங்கன வந்து சொல்லு. நானும் வாரேன்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். கஞ்சி போட்ட சேலை கட்டியிருந்தார். அவரோடு மகளும் வந்தாள். நர்ஸிங் படிக்கிறாளாம். நாங்கள் மூன்று பேரும் படியேறிப் போனபோது ஆபீஸில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அண்ணாச்சி மட்டும் எழவில்லை.

வாயால் சொன்னால் போதாது என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கும் வாயால்தானே சொன்னோம்? பையில் கொண்டுவந்திருந்த பழைய ரூட்டரைச் சுவிட்சில் மாட்டினேன். புதுக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். முதல் தடவை நெட் வந்துவிட்டது. அண்ணாச்சி உதட்டைச் சுழித்தார். மறுபடி அணைத்துப் போட்டேன். இந்த முறை நெட் இல்லை. அதன் எண்ணைத் திரையில் காட்டினேன், அந்த வேறு வரிசை. பெட்டியைப் பிடுங்கிவிட்டு அணைத்துப் போட்டேன், நெட் வந்தது. மாட்டினேன், மூன்றாவது முறை ஆன் செய்தபோது போனது. பிடுங்கினேன், வந்தது. போதும் என்று காதர் அண்ணன் சொல்லும்வரை செய்தேன்.

பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னேன். "இத வச்சது எங்கண்ணன். இதுதான் காரணம்னு தெரிஞ்சும் சொல்லாம போனது எங்கண்ணன். பென்டிரைவ அவன் பாக்கவே இல்ல. நானும் பாக்காமலே அவன் சொன்னது சரின்னு சொன்னேன். ரெஜினா அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

அந்த மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "சரிம்மா. நடந்தது நடந்துட்டு. திங்கக்கெழமலேர்ந்து வேலைக்கு வந்துருங்க. பழைய எடந்தான்."

"வேல நான் கேக்கல அண்ணாச்சி" என்றார் ரெஜினா அக்கா. "என்னையச் சேக்காதீகன்னு எத்தன ஆபீசுக்குப் போன் போட்டீக? அத்தன பேருக்கும் இப்பப் போடுங்க. நான் நின்னு கேக்கேன்."

"அது... பொறவு நான் பேசிக்கிடுதேன்."

"பொறவு வேண்டாம்."

அண்ணாச்சி காதர் அண்ணனைப் பார்த்தார். காதர் அண்ணன் மேஜை மேல் இருந்த போனை எடுத்து அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார். பதினெட்டு வருஷம் அவரிடம் வேலை பார்க்கிற மனுஷன்.

நாலு போன். முதல் போனில் அண்ணாச்சி, "ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தார். "சின்னதுன்னு சொல்லாதீக" என்றார் ரெஜினா அக்கா. அண்ணாச்சி திருத்திச் சொன்னார். இரண்டாவது போனிலிருந்து ஒழுங்காகச் சொன்னார். நாலாவது முடிந்ததும் ரெஜினா அக்கா, "வாரேன்" என்று காதர் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

கீழே ரோட்டில் என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மன்னிப்பு என்று எதையாவது. "இனிமே பாக்காம சொல்லாத" என்றார். அவ்வளவுதான். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தனபால் அண்ணாச்சி நம்மை நிறுத்திவிட்டார். வேறு இரண்டு ஆபீஸ்காரர்களும் கூப்பிடுவதில்லை. ஒருவர் போனில் நேராகவே கேட்டார், "எங்க சீலிங்கில என்ன வச்சிருக்கீங்க?" என்று. கேட்க வேண்டிய கேள்விதானே? ரெஜினா அக்காவை நாலு ஆபீஸில் ஒன்று கூப்பிட்டிருக்கிறது, இந்த மாதத்திலிருந்து போகிறார் என்று கேள்வி. ஒருநாள் பழைய பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை.

அண்ணே, நீ எனக்குச் செய்த நல்லதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. அப்பா போன பிறகு என் பாலிடெக்னிக் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டவன் நீதான். அதை நினைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் உன் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீ படிக்க வைத்த படிப்பை ஒரே ஒரு தடவை ஒருவர் கேட்டார், அன்றைக்கு நான் உனக்காக அதைப் பொய்யாக்கினேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி என்மேல் உள்ளது. எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

இன்னும் பதினோரு ஆபீஸ்களில் நீ இழுத்த கேபிள் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினொன்றுக்கும் நான் போவேன். கூப்பிடாவிட்டாலும் போவேன். ஒவ்வொரு சீலிங்கையும் தூக்கிப் பார்ப்பேன். எங்கே என்ன கிடக்கிறதோ, அதை அங்கே வேலை பார்க்கிற எல்லோரையும் வைத்துக்கொண்டு சொல்வேன். உன் பெயரைச் சொல்லித்தான் சொல்வேன். அதற்காக அங்கே எவராவது பழி சுமந்திருந்தால், அவர் எங்கே இருக்கிறார் என்று தேடிப் போவேன். கடைப் பலகையிலிருந்து உன் பெயரை எடுத்துவிடச் சொல்லி இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். எடுக்க மாட்டேன். உன்னால் கெட்டவர்கள் எப்போதாவது தேடிக்கொண்டு வந்தால், இடம் இதுதான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். உள்ளே நான் இருப்பேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
கனி